அந்தரத்தில் இருபத்தெட்டு கிலோமீட்டர்

பஸ் ஓட்டிய இருபத்தாறு வருடமும் டெப்போவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நிதானம் என்றுதான் கூப்பிட்டார்கள். கிண்டலாக ஆரம்பித்தது. மருத்துவமனைக்குப் போகும் ஒன்பதாம் நம்பர் வண்டியை அவர் ஓட்டும் அழகைப் பார்த்துவிட்டு, "இவர் ஓட்டுறாரா, தள்ளிக்கிட்டுப் போறாரா?" என்று ஒரு கண்டக்டர் கேட்டார். நாளடைவில் கிண்டல் உதிர்ந்து பெயர் மட்டும் நின்றது.

அவருக்கு அதில் வருத்தமில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட. இரவு வேலை முடித்த நர்சுகள் காலை ஆறரை வண்டியில் உட்கார்ந்ததும் தூங்கிவிடுவார்கள். ஒருத்தி மூன்று நிறுத்தம் தாண்டிக் கண் விழித்து, முன்னால் வந்து சண்டை பிடித்தாள். "கொஞ்சம் குலுக்கி ஓட்டினா என்னங்க? எறங்குற எடம் தெரிய வேண்டாமா?" வேலையில் தான் வாங்கிய ஒரே பாராட்டுப் பத்திரம் அது என்று நிதானம் மனைவியிடம் சொன்னார். ஓட்டுகிறவன் ஒருவன் இருக்கிறான் என்பதே உள்ளே இருப்பவர்களுக்கு மறந்துபோக வேண்டும், ஓட்டுவது என்றால் அதுதான் என்பது அவர் கட்சி.

ஓய்வு பெற்றபின் வீட்டில் உட்கார்ந்திருப்பது அவருக்குப் பிடித்திருந்தது. அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பது மனைவிக்குப் பிடிக்கவில்லை. அவள் வீட்டு முன்னறையில் துணி திருத்தித் தருகிறவள். கால்சட்டைக்கு நீளம் குறைப்பாள், இடுப்பைப் பிரித்து விடுவாள். வேலை நடுவே அவர் போய்த் தையல் இயந்திரத்தின் சக்கரத்தைச் சும்மா சுற்றிப் பார்த்ததும் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"உங்களுக்குக் கையில எதையாவது பிடிச்சுச் சுத்திக்கிட்டே இருக்கணும். வெளிய போய்ச் சுத்துங்க, புண்ணியமாப் போகும்."

அப்படிக் கிடைத்ததுதான் நின்றுபோன வண்டிகளை ஓட்டி வைக்கும் வேலை. வெளியூர் போனவர்கள், கண் மங்கியவர்கள், இரண்டு வண்டி வைத்துக்கொண்டு ஒன்றையே ஓட்டுகிறவர்கள் என்று ஊரில் அப்படிப்பட்டவர்கள் நிறையவே இருந்தார்கள். வண்டி நின்றால் கெடும். பேட்டரி இறங்கும், டயர் ஒரே இடத்தில் அழுந்திச் சப்பையாகும். வாரம் ஒரு தடவை எடுத்து இருபத்தைந்து முப்பது கிலோமீட்டர் சுற்றிக் கொண்டுவந்து விட வேண்டும். ஐந்து வீடுகள். சனிக்கிழமைக் காலை பல் டாக்டர் வீடு.

பல் டாக்டர் முப்பத்தைந்து வருடம் அடுத்தவர் வாய்க்கு மேல் குனிந்து நின்றவர். தன் கிளினிக்கை இன்னொருவருக்குக் கைமாற்றிய அன்றே போய் இந்தக் காரை வாங்கிவிட்டார். வேறொருவர் ஓட்டிய வண்டிதான், ஆனாலும் அறுநூறு குதிரை சக்தி. பழுத்த எலுமிச்சை நிறம். உயரம் ஆள் இடுப்பளவுதான். டாக்டர் எட்டு மாதம் வைத்து ஓட்டினார். அதற்குள் இடுப்பு போய்விட்டது. ஒரு பக்கம் மாற்றினார்கள், சரியாக அமையவில்லை. மாடிப் படுக்கையறையில் நாற்காலியும் பிடித்து நடக்கும் நடைச் சட்டமுமாகக் கிடந்தார். மாடிக்குப் பத்தொன்பது படி. கீழே ஒரே ஒரு பெரிய அறை, அதில் கார் இருந்தது.

சனிக்கிழமை ஒன்பதரைக்கு பிசியோதெரபி வேன் வரும். இரண்டு பேர் அவரை நாற்காலியோடு தூக்கி இறக்குவார்கள். டாக்டரம்மாவும் கூடப் போவார். அவர் டாக்டரில்லை, பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். ஆனாலும் தெரு முழுக்க டாக்டரம்மாதான். பதினொன்றரைக்கு வேன் திரும்பும். இந்த இரண்டு மணி நேரத்தில் நிதானம் வண்டியை எடுத்துப் போய்விட்டுத் திரும்ப வேண்டும். நேரத்தைக் குறித்தது டாக்டர்தான்.

"நான் நடக்கப் பழகுற நேரத்துல அது ஓடட்டும். ரெண்டு பேருக்கும் ஒரே சமயத்துல எக்சர்சைஸ்."

முதல் சனிக்கிழமை அந்த வண்டிக்குள் நிதானம் இறங்கினார். ஏறினார் என்று சொல்ல முடியாது. பஸ்ஸில் அவர் கண் மாடி ஜன்னல் பார்த்த கண். இங்கே அது லாரியின் அச்சுக்கு நேராக இருந்தது. பக்கத்தில் போன சைக்கிளின் மிதிகட்டை கண்ணாடிக்கு வெளியே காதோரம் சுற்றியது. தெரு முனை வேகத்தடையில் நேராக ஏறினால் அடிவயிறு உரசும் என்பதால், கோணலாக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்கினார். வீட்டிலிருந்து பெரிய சாலை வருவதற்குள் பதினோரு வேகத்தடை. பின்னால் ஆட்டோக்காரன் ஹாரனை அழுத்தியபடியே வந்தான். சிக்னலில் பைக் பையன்கள் இருபக்கமும் வந்து முறுக்கிக் காட்டினார்கள். ஒருவன் கண்ணாடியைத் தட்டி, "தாத்தா, ஒரு சவுண்டு குடுங்க!" என்றான். முதல் கியரிலேயே நூறைத் தொடும் வண்டி. சாலையில் ஐம்பதுக்கு மேல் போனால் குற்றம். அறுநூறில் ஐந்நூற்று எழுபது குதிரை லாயத்திலேயே நின்று கொள்ளு தின்றுகொண்டிருந்தது என்று நிதானத்துக்குப் பட்டது. கிளட்சை மிதித்து மிதித்து இடது தொடை மரத்தது. எங்காவது நிறுத்தித் தண்ணீர் குடிக்கலாம் என்றால் யாராவது உரசிவிடுவார்கள் என்ற பயம்.

திரும்பி வந்து மாடிக்குப் போனார். டாக்டர் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார்.

"சொல்லு."

"நல்லா இருந்துச்சு சார். சூடு ஏறல. பிரேக் சரியா இருக்கு."

டாக்டர் ஒரு கண்ணைத் திறந்தார். "அவ்ளோதானா?"

"அவ்ளோதான் சார்."

"யோவ், முப்பத்தஞ்சு வருஷம் எல்லாரையும் வாயைத் தெறன்னு சொல்லியே பொழைச்சவன் நான். உன்கிட்டயும் கெஞ்ச வச்சிடாத. எப்படி இருந்துச்சுன்னு சொல்லுய்யா."

நிதானம் முழித்தார். டாக்டர் முகம் சுருங்கியதைப் பார்த்ததும், தான் ஏதோ உடைத்துவிட்டதுபோல் இருந்தது.

மூன்றாவது சனிக்கிழமை ஒன்று நடந்தது. ஊருக்கு வெளியே மேம்பாலத்திலிருந்து நெடுஞ்சாலைக்கு இறங்கும் வளைவு காலியாக இருந்தது. முன்னும் பின்னும் ஈ காக்கை இல்லை. இரண்டாவது கியரில் வலது காலைக் கொஞ்சம் அழுத்தினார். வயிறு பின் சீட்டில் தங்கிவிட்டது. பின் சீட்டே இல்லாத வண்டி அது. தோளைப் பிடித்து யாரோ இருக்கையில் அழுத்தியதுபோல் இருந்தது. என்ஜின் சத்தம் முதுகெலும்பு வழியாக ஏறியது. நாலு செகண்டு இருக்கும். காலை எடுத்துவிட்டார். தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தது பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

அதை மாடியில் போய் அப்படியே சொன்னார். டாக்டர் கைதட்டிவிட்டார். "இன்னொரு தடவை சொல்லு. சிரிச்சியா? நிஜமாவா? நீயா?" மூன்று தடவை சொல்ல வைத்தார். மத்தியானம் சட்டத்தைப் பிடித்து நடக்கும்போது பத்து அடி கூட வைத்ததாக டாக்டரம்மா அடுத்த வாரம் சொன்னார்.

அதற்குப் பிறகு அந்த வளைவு ஒரு தடவையும் காலியாக இல்லை. டாக்டர் ஒவ்வொரு வாரமும் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். "அடுத்த வாரம் எங்கயாவது கொஞ்சம் அமுக்கிப் பாரேன்."

ஆறாவது வாரம் அமுக்கினார். சொல்வதற்கு ஏதாவது வேண்டுமே என்று அமுக்கினார், அதுதான் உண்மை. தூறல் போட்டுக்கொண்டிருந்தது. ரவுண்டானாவில் வண்டிகள் கொஞ்சம் விலகின. காலை வைத்ததும் பின்பக்கம் தனியாகக் கழன்றதுபோல் வீசியது. கார் சாலைக்குக் குறுக்கே திரும்பி நின்றது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு முழம் தள்ளி, அட்டைப்பெட்டிகள் அடுக்கிய தள்ளுவண்டி. அதைப் பிடித்துக்கொண்டு ஒரு அம்மா.

அந்த அம்மா திட்டியிருந்தால் பிழைத்திருக்கலாம். அவர் திட்டவில்லை. காரைப் பார்த்தார். ஓட்டுகிறவரைக் காணோம் என்பதுபோல் தேடினார். பிறகு இடுப்பில் கை வைத்துக் குனிந்து, ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"பெரியவரே, உங்களுக்கு ஒண்ணும் ஆகலியே?"

ஒன்றும் ஆகவில்லை என்று நிதானம் தலையாட்டினார். அந்த அம்மா தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். ஒரு அட்டைகூடச் சரியவில்லை. இருபத்தாறு வருடத்தில் ஒரு கோழியைக்கூட அடிக்காதவர், வீடுவரை இருபது வேகத்தைத் தாண்டாமல் வந்தார்.

மாடியில் டாக்டர், "சொல்லு" என்றார்.

நிதானம் ஏரிக்கரையைச் சொன்னார். போகாத ஏரிக்கரை. மழை விட்ட சாலை, பத்து வளைவு, ஒவ்வொரு வளைவிலும் வண்டி தரையைக் கவ்விக்கொண்டு திரும்பிய விதம். எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை. நாக்கு நடுங்கவில்லை. கால்தான் நாற்காலிக்கு அடியில் ஆடிக்கொண்டிருந்தது.

அடுத்த சனிக்கிழமை கீழறை ஷட்டரைத் தூக்கிவிட்டு வண்டிக்குப் பக்கத்திலேயே வெகுநேரம் நின்றார். கால் வரவில்லை. வண்டி ஓடியாக வேண்டும். ஓடியதற்கு மீட்டர் சாட்சி சொல்ல வேண்டும், டாக்டர் வாரா வாரம் அதைக் கேட்பார். டெப்போவில் பஸ்ஸின் பின்சக்கரத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி கியர் சோதிப்பது வழக்கம். ஜாக்கி இருந்தது, இரும்பு ஸ்டாண்ட் இரண்டு இருந்தது. முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தார். பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தினார். புகைக்குழாயில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி வெளியே விட்டார். வண்டி ஒத்துக்கொள்ளவில்லை. பின்சக்கரம் சுற்றுகிறது, முன்சக்கரம் சும்மா இருக்கிறது, அப்படியானால் வழுக்குகிறோம் என்று அது நினைத்து மஞ்சள் விளக்கைப் போட்டு இழுத்துப் பிடித்தது. அதற்கென்று ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தி வண்டியின் வாயை அடைத்தார்.

ஆக்சிலேட்டருக்கு ஒரு கட்டையை முட்டுக் கொடுத்தார். மூன்றாவது கியர், ஐம்பது வேகம், முப்பத்துநாலு நிமிடம்: மீட்டரில் இருபத்தெட்டு கிலோமீட்டர். முதலில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சக்கரத்தையே பார்த்தார். இரண்டாம் வாரத்திலிருந்து செய்தித்தாள். மூன்றாம் வாரம் பிளாஸ்க்கில் தேநீர். முன் டயர் சப்பையாகாமல் இருக்கக் கூடுதலாகக் காற்று அடித்து வைத்தார். எந்த வேலையையும் ஒழுங்காகச் செய்கிறவர்.

பதினொன்றரைக்கு மாடியேறி அன்றைய பயணத்தைச் சொல்வார். ஏரிக்கரை, பைன் மரக்காடு, கல்குவாரிக்குப் போகும் நேர்ச்சாலை. எதிரே வந்த பால் வண்டிக்காரன் கும்பிட்டான். ஒரு நாய் கூடவே ஓடிவந்து தோற்றுப்போய் உட்கார்ந்துகொண்டது. டாக்டர் கண்ணை மூடியபடியே வலது காலை மெல்ல அழுத்துவார்.

இதை மனைவியிடம் சொன்னார். அவள் வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்து வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"வண்டி நின்ன எடத்துல ஓடுது, நீங்க உக்காந்த எடத்துல போறீங்க. கட்டின நாள்லேருந்து என்கிட்ட இப்படி ஒரு கதை சொன்னதுண்டா? சினிமாவுக்குப் போயிட்டு வந்து, படம் எப்படின்னா, முடிஞ்சுதுன்னு சொன்ன மனுஷன்தானே நீங்க?"

"தப்புதானே?"

அவள் சிரிப்பை நிறுத்தினாள். "கேக்குறதப் பாத்தா உங்களுக்கே தெரியுது போலிருக்கே."

அப்படியே பத்து மாதம் ஓடியது. நடுவில் டாக்டர் மறுபக்க இடுப்பின் அறுவை சிகிச்சைக்கும் தலையாட்டினார். வேண்டவே வேண்டாம் என்று இருந்தவர் ஏன் மனம் மாறினார் என்று நிதானம் யோசிக்கவில்லை. பிசியோதெரபியில் அறுபது அடி நடந்தார் என்று கேட்டபோது சந்தோஷப்பட்டார்.

ஒரு சனிக்கிழமை டாக்டரோடு வேனில் போனது டாக்டரம்மாவின் தம்பி. அது நிதானத்துக்குத் தெரியாது. சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் செய்தித்தாளின் நடுப்பக்கத்தில் இருந்தார். உள்படிக்கட்டில் செருப்புச் சத்தம் என்ஜின் இரைச்சலில் கேட்கவில்லை. நிமிர்ந்தபோது டாக்டரம்மா கடைசிப் படியில் கையில் அளவு நாடாவோடு நின்றார்.

நிதானம் எழுந்து சாவியைத் திருப்பினார். சக்கரங்கள் நிற்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. இருவரும் அவை நிற்கும்வரை அவற்றையே பார்த்தார்கள்.

டாக்டரம்மா முன்பக்கம் வந்தார். குனிந்தார். முன்சக்கரத்துக்கும் மேல் தகட்டுக்கும் நடுவே சிலந்தி வலை. ஒரு நூல் அறுபடவில்லை. விரலால் தொடப் போய், தொடாமல் கையை இழுத்துக்கொண்டார்.

"எத்தனை நாளா?"

"பத்து மாசம்மா."

"அப்ப ஏரிக்கரை?"

நிதானம் செய்தித்தாளை நான்காக மடித்தார். பிறகு எட்டாக மடித்தார்.

"தோத்துப்போன நாய்?"

"இல்லம்மா."

"அந்த நாயை அவர் என் தம்பிகிட்டகூடச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சார்." டாக்டரம்மாவின் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை. "நான் எதுக்கு வந்தேன் தெரியுமா? இந்த ரூமை அளக்க. இந்த வண்டி போச்சுன்னா இங்க ஒரு கட்டில் போடலாம், அந்தப் பக்கம் குளியலறை. வாசலுக்கு ரெண்டே படி. அவர் பாட்டுக்கு வெளிய வந்து தெருவைப் பாக்கலாம். ஒரு வருஷமாச் சொல்றேன். என்ன சொல்றார் தெரியுமா? ஓடாத வண்டின்னா வித்துடலாம், இது வாரா வாரம் ஓடுது, நான் எழுந்து போய் ஓட்ட வேண்டியதுதான் பாக்கிங்கிறார்."

நிதானம் பிளாஸ்க்கை ஸ்டூலுக்கு அடியில் காலால் தள்ளி மறைத்தார்.

"ஒண்ணு கேக்குறேன், நெஜத்தைச் சொல்லுங்க. எனக்கு வண்டியைப் பத்தி ஒண்ணும் தெரியாது. ரோட்ல இது நல்லாத்தான் இருக்கா?"

அவரிடம் இதை இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை. யோசித்துத்தான் பதில் சொன்னார்.

"வண்டிமேல குத்தம் சொல்ல முடியாதும்மா. தங்கம். ஆனா அது கேக்குறது வேற எடம். நம்ம ரோட்ல இதை ஓட்டுறது, ஓடுறவனைக் கையப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போற மாதிரி. அவனுக்கும் கஷ்டம், நமக்கும் கஷ்டம். எல்லாரும் நம்மளையே பாக்குறான். நாம குழியைப் பாக்குறோம். விட்டா பயம், விடலைன்னா எரிச்சல். ஒரே ஒரு தடவை நல்லா இருந்துச்சு. நாலு செகண்டு."

"நாலு செகண்டா?"

"அது நெஜம்மா."

டாக்டரம்மா அளவு நாடாவைச் சுருட்டினார். "நான் சொன்னா, விக்கிறதுக்காகப் பேசுறேன்னு நெனப்பார். நீங்களே சொல்லிடுங்க." படியேறப் போனவர் நின்றார். "அந்த அறுபது அடியும் உங்க கதையால நடந்ததுதான். அதையும் தெரிஞ்சுக்கிட்டுச் சொல்லுங்க."

அதைச் சொல்லாமல் போயிருக்கலாம்.

வண்டியை இறக்கினார். ஸ்டாண்டைத் துடைத்து மூலையில் வைத்தார். வேன் வந்தது. டாக்டரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் மேலே போகும்போதே, "நிதானம், இன்னிக்கு அறுபத்தி நாலு!" என்று கத்திக்கொண்டு போனார். பத்தொன்பது படியையும் நிதானம் ஒவ்வொன்றாக ஏறினார். ஏறி முடித்ததும், இன்னும் கொஞ்சம் படி இருந்திருக்கலாம் என்று இருந்தது.

டாக்டர் சாய்ந்து கண்ணை மூடினார். "சொல்லு."

"சார், மழை தூறிச்சே ஒரு சனிக்கிழமை, அன்னிக்கு நான் ஏரிக்கரைக்குப் போகல." அங்கிருந்து ஆரம்பித்தார். ரவுண்டானாவைச் சொன்னார். தள்ளுவண்டி நின்ற தூரத்தைக் கையை நீட்டிக் காட்டினார். டாக்டர் கண்ணைத் திறந்துவிட்டார்.

"அந்தம்மாவுக்கு ஒண்ணும் ஆகலியே?"

"ஆகல சார். அவங்க என்னைத்தான் கேட்டாங்க."

பிறகு ஸ்டாண்ட், ரப்பர் குழாய், பொத்தான், செய்தித்தாள். எதையும் விடவில்லை. முன் டயரில் அடித்த காற்றைக்கூடச் சொன்னார். அவர் கதைகளிலேயே நீளமானது அதுதான். முடிந்ததும் டாக்டர் கேட்டது ஒன்றுதான்.

"அந்த நாலு செகண்டு?"

"அது நெஜம் சார். அது மட்டும்."

டாக்டர் ஜன்னலைப் பார்த்தார். மாடி ஜன்னலில் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிதான் தெரியும்.

"ஏரிக்கரைக்கு நானும் ஒரு தடவை போனேன்யா. வாங்கின புதுசுல. மூணாவது வளைவுலயே திரும்பிட்டேன். ஒவ்வொரு குழியும் இடுப்புல எறங்குது. வீட்டுக்கு வந்து, பிரமாதம்னு இவகிட்டச் சொன்னேன். எட்டு மாசமும் பிரமாதம்னுதான் சொன்னேன். என் இடுப்பு சரியில்ல, அதனாலதான் சுகம் தெரியலன்னு நெனச்சேன். இடுப்பு நல்லா இருக்கிறவனுக்கு எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்கத்தான் உன்னைக் கேட்டேன்." சிரிக்கப் பார்த்தார். "நீ சொன்ன அழகுல ரெண்டாவது இடுப்பையும் அறுத்துக்கிட்டேன்."

மன்னிச்சுடுங்க என்று நிதானம் சொன்னார். சொன்னது தனக்கே கேட்டதா என்று தெரியவில்லை.

"நாலு செகண்டு," என்றார் டாக்டர் மறுபடி. கணக்குப் பார்ப்பவர்போல் இல்லை, வாயில் போட்டுச் சுவை பார்ப்பவர்போல் சொன்னார். "சரி. வித்துடலாம்."

காரை வாங்கியவரிடம் ஏற்கெனவே நாலு வண்டி நின்றது. கொண்டுபோய் விடும் அன்று டாக்டர் சொல்லியனுப்பினார்: "அந்த வளைவுல ஒரு தடவை அமுக்கிப் பாத்துட்டு வந்து சொல்லு." மேம்பாலத்திலிருந்து நெடுஞ்சாலைவரை நிதானத்துக்கு முன்னால் ஒரு மணல் லாரி போனது. தார்ப்பாய் சரியாகக் கட்டவில்லை. எலுமிச்சை நிறத்தின் மேல் மணல் பொழிந்துகொண்டே இருந்தது. முப்பது வேகத்தில் இரண்டாவது கியரில் போனார். வாங்கியவர் சாவியைப் பெற்றுக்கொண்டு, "உங்களைப் பத்திக் கேள்விப்பட்டேன். வாரா வாரம் வந்து இதைக் கொஞ்சம் ஓட்டி வைக்க முடியுமா?" என்று கேட்டார். முடியாது என்று சொல்லிவிட்டு ஒன்பதாம் நம்பர் பஸ் பிடித்தார். புது டிரைவர். வண்டி குலுங்கியது.

கீழறையில் கட்டில் வந்தது. குளியலறை வந்தது. ஷட்டரை எடுத்துவிட்டுக் கதவும் ஜன்னலும் வைத்தார்கள். தரையில் ஸ்டாண்டின் கால்கள் அழுத்திய எட்டுப் புள்ளிகளை மட்டும் எடுக்க முடியவில்லை. அதன்மேல் ஒரு பாய் விரித்தார்கள். ஜன்னலில் தெரு தெரிந்தது. பெட்டிக்கடை, பள்ளிக்கூட வேன், வேகத்தடை, எல்லாம்.

ஆனால் பிசியோதெரபி வேனை டாக்டர் மூன்று வாரமாகத் திருப்பி அனுப்பிவிட்டார். இதை டாக்டரம்மா தொலைபேசியில் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை. "உங்க மேல தப்பில்லை" என்றும் சொன்னார். நிதானம் போனை வைத்துவிட்டு வெகுநேரம் தையல் இயந்திரத்தின் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். மனைவி அவரை வெளியே போகச் சொல்லவில்லை. அதுவே அவருக்குப் பயமாக இருந்தது.

சனிக்கிழமை ஒன்பதரைக்குப் போனார்.

டாக்டர் கட்டிலில் சாய்ந்திருந்தார். "வண்டியே இல்லையே, எதுக்கு வந்தே?"

"சும்மாதான் சார்."

"கதை ஏதாவது வச்சிருக்கியா?"

"இல்ல சார்."

நடைச் சட்டத்தை எடுத்துக் கட்டிலருகே நிறுத்தினார். டாக்டர் அதைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "எங்க போறது?" என்றார். நிதானம் வாசல் கேட்டைக் காட்டினார். அதற்கு அப்பால் எதையும் காட்ட அவருக்குத் தைரியம் இல்லை.

இரண்டு படி இறங்கவே ஐந்து நிமிடம் ஆனது. பிறகு சிமெண்டுத் தரை. டாக்டர் சட்டத்தைத் தூக்கி வைத்தார், கால் வைத்தார். நெற்றியில் வேர்த்தது. தலையை நிமிர்த்தவில்லை. கேட்டுக்குப் பாதி தூரத்தில் நின்று, கம்பியைப் பிடித்தபடி மூச்சு வாங்கினார். முன்பு அறுபத்து நாலு நடந்தவர்.

"எண்ணினியா?"

"எண்ணினேன் சார்."

"எவ்ளோ?"

நிதானம் எண்ணித்தான் வந்தார். பதினாலு. இருபது என்று சொல்லலாம். டாக்டர் எண்ணவில்லை, மூச்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இருபது என்றால் முகம் மலரும். மலர்ந்தால் இன்னும் ஆறு அடி தானாக வரும், பிறகு அது பொய்யாகவும் இருக்காது. நாக்கு நுனிவரை வந்தது. ஏரிக்கரை வந்த அதே வழி.

"பதினாலு சார்."

டாக்டர் தலையைத் தூக்கினார். "அவ்ளோதானா?"

"அவ்ளோதான் சார்."

டாக்டர் கேட்டைப் பார்த்தார். அது எங்கும் போகாமல் அங்கேயே இருந்தது. நிதானம் ஒரு கையைச் சட்டத்துக்கு அருகில், தொடாமல், வைத்துக்கொண்டு காத்திருந்தார். அடுத்த அடி வருமா, அல்லது திரும்பச் சொல்வாரா என்று தெரியவில்லை. தெருவில் பின்னால் வந்த வண்டி ஹாரன் அடிக்க, முன்னால் போன ஒரு கார் வேகத்தடையில் கோணலாக ஏறி இறங்கியது.